நேற்று நடந்ததைச் சொல்வது

மெக்ஸிகோவில் பழகியவர்கள் வீட்டுக்குப் போனால் உட்காரும் முன்பே காதில் விழக்கூடிய கேள்வி, "யா கொமீஸ்தெ?" சாப்பிட்டாச்சா? வந்திருப்பவர் மூத்தவர் என்றாலோ, அதிகம் பழக்கமில்லாதவர் என்றாலோ, "யா கொமியோ?" சாப்பிட்டீங்களா? பதிலுக்கு நீளமாக எதுவும் வேண்டாம். "ஸீ, யா கொமீ." ஆமாம், சாப்பிட்டாச்சு.

கொமீ, கொமீஸ்தெ, கொமியோ. ஒரே வினை, மூன்று விகுதிகள். சென்ற அத்தியாயத்தில் பார்த்த நிகழ்காலத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்லலாம், விலை கேட்கலாம், வழி விசாரிக்கலாம். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டால் பேச்சில் பெரும்பகுதி நடந்து முடிந்த சங்கதிகள்தான். யார் வந்தார், என்ன வாங்கினார், எங்கே தங்கினார், எவ்வளவு கொடுத்தார். செய்தித்தாளும் வாழ்க்கை வரலாறும் ஊர்வம்பும் ஸ்பானிய மொழியில் பெரும்பாலும் இந்த ஒரு காலத்தை வைத்துத்தான் நகர்கின்றன.

இதற்குப் பெயர்கள் பல. ஸ்பெயினில் அச்சாகும் பாடநூல்களில் 'ப்ரெத்தேரித்தொ இன்தெஃபினீதொ' என்றும், 'ப்ரெத்தேரித்தொ பெர்ஃபேக்தொ ஸீம்ப்லெ' என்றும் பார்ப்பீர்கள். கராகஸில் பிறந்து சிலியில் குடியேறிய அந்த்ரேஸ் பெயோ 1847இல் ஸ்பானிய அமெரிக்க நாட்டவருக்காக எழுதிய இலக்கண நூலில் 'ப்ரெத்தேரித்தொ' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். லத்தீன் அமெரிக்க வகுப்பறைகளில் இன்றும் அந்தச் சுருக்கப் பெயரே அதிகம் கேட்கிறது. மூன்றும் ஒன்றுதான். இந்த நூலில் 'முடிந்த காலம்' என்று வைத்துக்கொள்வோம்.

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் முறை

ஸ்பானிய மொழியில் நம்மைப் போலக் குறில், நெடில் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் ஏதோ ஓர் அசையில் குரல் அழுந்தும். தமிழில் அந்தப் பழக்கம் இல்லாததால் அதை நாம் காதில் வாங்குவதே இல்லை. அழுந்தும் அசை கொஞ்சம் நீண்டும் ஒலிக்கும் என்பதால், இங்கே ஸ்பானியச் சொற்களை எழுதும்போது அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். நெடிலைக் கண்டால் குரலை அங்கே ஊன்றுங்கள்.

வல்லினத்தில் நம் வழக்கமே போதும். இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றையாக வரும் க, த, ப மெலிந்து ஒலிக்கும். ஸ்பானிய ஒலியும் அப்படித்தான். வலிந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் 'க்க', 'த்த', 'ப்ப' என்று இரட்டித்திருக்கிறேன், அதற்காக அங்கே நிறுத்திச் சொல்ல வேண்டாம். 'ந்த' என்றால் 'பந்து' போல. 'ன்த' என்றால் தகரம் மெலியாது. 'ச' எப்போதும் 'அச்சம்' என்பதில் வரும் ச, மற்றதற்கு 'ஸ'. 'வ' என்று எழுதியிருப்பதை உதடுகள் லேசாகத் தொடும்படி, வகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் சொல்லுங்கள்.

இரண்டு வரிசைகள்

அகராதியில் ஸ்பானிய வினைகள் மூன்றே முடிவுகளில் இருக்கும்: ஆர், ஏர், ஈர். அந்த முடிவை வெட்டிவிட்டுக் கிடைக்கும் வேரில் விகுதியை ஒட்ட வேண்டும். 'தொமார்' என்பது எடுத்துக்கொள்வது, குடிப்பது, வண்டி பிடிப்பது எல்லாவற்றுக்கும் பயன்படும் வினை.

தொமே: குடித்தேன்
தொமாஸ்தெ: குடித்தாய்
தொமோ: குடித்தான், குடித்தாள், குடித்தது, மரியாதையாக ஒருவரிடம், குடித்தீர்கள்
தொமாமொஸ்: குடித்தோம்
தொமாஸ்தெய்ஸ்: (நண்பர்கள் பலரிடம், ஸ்பெயினில்) குடித்தீர்கள்
தொமாரொன்: குடித்தார்கள், பலரிடம், குடித்தீர்கள்

அடுத்தது 'கொமேர்', சாப்பிடுவது.

கொமீ: சாப்பிட்டேன்
கொமீஸ்தெ: சாப்பிட்டாய்
கொமியோ: சாப்பிட்டான், சாப்பிட்டாள், சாப்பிட்டது, சாப்பிட்டீர்கள்
கொமீமொஸ்: சாப்பிட்டோம்
கொமீஸ்தெய்ஸ்: (ஸ்பெயினில்) சாப்பிட்டீர்கள்
கொமியேரொன்: சாப்பிட்டார்கள், சாப்பிட்டீர்கள்

ஈர் என்று முடியும் வினைகளுக்குத் தனி வரிசை இல்லை. 'விவீர்' என்றால் வாழ்வது, வசிப்பது. விவீ, விவீஸ்தெ, விவியோ, விவீமொஸ், விவீஸ்தெய்ஸ், விவியேரொன். கொமேர் வரிசையேதான். நிகழ்காலத்தில் ஏர், ஈர் இரண்டுக்கும் இருந்த சின்ன வித்தியாசம்கூட இங்கே மறைந்துவிடுகிறது.

லத்தீன் அமெரிக்காவுக்கு மட்டும் போகிறவர்கள் 'தெய்ஸ்' என்று முடியும் வடிவத்தைக் காதுக்குப் பழக்கப்படுத்திக்கொண்டால் போதும், வாயால் சொல்லத் தேவை வராது. அங்கே பலரைப் பார்த்துப் பேசும்போது, நண்பர்களோ பெரியவர்களோ, 'தொமாரொன்', 'கொமியேரொன்' தான். அர்ஜென்டினாவில் 'தூ' (நீ) என்பதற்குப் பதில் 'வோஸ்' என்பார்கள். நிகழ்காலத்தில் அதற்கு வேறு விகுதி. முடிந்த காலத்தில் மாற்றமே இல்லை. பல ஊர்களில் தெருப்பேச்சில் 'தொமாஸ்தெஸ்' என்று கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்துச் சொல்வதும் கேட்கும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுதிவிடாதீர்கள்.

குரல் விழும் இடம்

மேலே உள்ள பன்னிரண்டு வடிவங்களிலும் நெடில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'தொம்', 'கொம்' என்ற வேரில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் விகுதியில். ஒழுங்கான வினைகளின் முடிந்த காலத்துக்கு இதுவே இலக்கணம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் உணவக மேஜையில் வைத்துப் பார்க்கலாம். சாப்பிட்டு முடிந்து பில் வருகிறது. 'பகார்' என்றால் பணம் கொடுப்பது.

"பாகொ." நான் கொடுக்கிறேன்.
"பகோ." அவர் கொடுத்துவிட்டார்.
"பாகெ." நீங்கள் கொடுங்கள்.
"பகே." நான் கொடுத்துவிட்டேன்.

எழுத்துகள் கிட்டத்தட்ட ஒன்றே. முதல் அசையில் ஊன்றினால் பணம் இனிமேல்தான் கைமாற வேண்டும். கடைசி அசையில் ஊன்றினால் கைமாறியாகிவிட்டது. 'பாகொ' என்று சொல்ல வேண்டிய நண்பர் 'பகோ' என்று சொல்லிவிட்டால், பரிமாறுபவர் யார் கொடுத்தார் என்று மேஜையைச் சுற்றிப் பார்ப்பார். 'பகே' என்பதற்குப் பதிலாக 'பாகெ' என்றால் இன்னும் மோசம், அவரையே பணம் கட்டச் சொன்னதாக ஆகிவிடும்.

தமிழர் வாயில் நிகழும் வழுக்கல் பெரும்பாலும் ஒரே திசையில்தான்: எல்லா அசையையும் சமமாகச் சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னால் கேட்பவர் சூழ்நிலையை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். தினம் ஐந்து நிமிடம் ஜோடி ஜோடியாக உரக்கச் சொல்லிப் பாருங்கள்: தோமொ, தொமோ. மீரொ, மிரோ (பார்க்கிறேன், பார்த்தார்). யாமொ, யமோ (கூப்பிடுகிறேன், கூப்பிட்டார்). கடைசி அசையை வேண்டுமென்றே மிகைப்படுத்துங்கள். முதல் வாரம் நாடகம் போலத் தெரியும், பரவாயில்லை.

எழுதும்போது இந்த அழுத்தத்தைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு இடுவார்கள். ஒழுங்கான வினைகளில் அது இரண்டு இடத்தில்தான் வரும்: 'நான்', 'அவர்'. தொமே, தொமோ, கொமீ, கொமியோ. மற்ற நான்கு வடிவங்களுக்குக் கோடு இல்லை. கைப்பேசியில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோட்டுடன் கிடைக்கும். அவசரச் செய்திகளில் ஸ்பானியர்களே கோட்டை விட்டுவிடுவது உண்டு. கற்கும் நாம் விடக் கூடாது. கோடு இல்லாத 'பாகொ' வேறு சொல்.

விகுதி யாரைச் சொல்கிறது

'சாப்பிட்டேன்' என்றால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானியத்திலும் அப்படியே. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'யோ' என்று தொடங்குவார்கள், அது "நான்தான் சாப்பிட்டேன், நான்தான் கிளம்பினேன்" என்பது போல ஒலிக்கும். தமிழில் நினைத்துப் பேசினால் இந்தப் பிழை வரவே வராது.

ஆனால் நம் விகுதி சொல்வதை எல்லாம் அவர்கள் விகுதி சொல்லாது. 'கொமியோ' என்பதில் ஆணா பெண்ணா என்று தெரியாது, அவனா அவரா என்றும் தெரியாது. மனிதரா மாடா என்பதுகூடத் தெரியாது. அதே சொல்தான் மரியாதைக்குரிய 'நீங்கள்' என்பதற்கும். ஆகவே கதை சொல்லும்போது ஆள் மாறுகிற இடத்தில் பெயரைச் சொல்லிவிடுங்கள். பெரியவரிடம் நேரில் கேட்கும்போது 'உஸ்தேத்' என்று சேர்த்தால் சந்தேகம் வராது: "உஸ்தேத் யா கொமியோ?"

'நாம்' வடிவத்தில் வேறொரு குழப்பம். 'தொமாமொஸ்' என்றால் குடிக்கிறோம், குடித்தோம், இரண்டும்தான். 'விவீமொஸ்' என்பதும் அப்படியே. ஏர் வினைகளில் மட்டும் பிரிந்து நிற்கும்: கொமேமொஸ் சாப்பிடுகிறோம், கொமீமொஸ் சாப்பிட்டோம். ஸ்பானியர்கள் இதற்காகக் கவலைப்படுவதில்லை, பக்கத்தில் ஒரு 'அயேர்' (நேற்று) போட்டால் தீர்ந்தது.

மாறாத வேர், மாறும் எழுத்து

நிகழ்காலத்தில் உங்களைப் படாதபாடு படுத்திய வினைகள் நினைவிருக்கும். 'பென்ஸார்' என்று அகராதியில் இருக்கும், 'பியேன்ஸொ' (நினைக்கிறேன்) என்று வாயில் வரும். 'வொல்வேர்' என்று இருக்கும், 'வுவேல்வொ' (திரும்புகிறேன்) என்று வரும். வேரின் உயிர் இப்படி உடைவது குரல் அதன்மேல் விழுந்தால் மட்டும்தான். முடிந்த காலத்தில் குரல் விகுதிக்குப் போய்விடுகிறது, ஆகவே வேர் உடைவதில்லை: பென்ஸே, வொல்வீ. ஆர், ஏர் வினைகளில் இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். நிகழ்காலத்தில் 'ஸால்கொ' என்று கோணலாக வந்த 'ஸலீர்' (கிளம்புவது) கூட இங்கே ஒழுங்குப் பிள்ளை: ஸலீ, ஸலீஸ்தெ, ஸலியோ. ஈர் வினைகளில் சிலவற்றுக்கு மட்டும் 'அவர்', 'அவர்கள்' வடிவத்தில் வேர் லேசாகத் திரியும். 'தொர்மீர்' (தூங்குவது) 'துர்மியோ' ஆகும், 'பெதீர்' (கேட்பது) 'பிதியோ' ஆகும். அவை அடுத்த அத்தியாயத்துக்கு.

இன்னொரு கூட்டத்தைப் பாடநூல்கள் ஒழுங்கற்றவை என்று பட்டியல் போட்டுப் பயமுறுத்தும். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் அவற்றில் கோணலே இல்லை. தேடினேன், புஸ்கே. தேடினார், புஸ்கோ. பணம் கொடுத்தேன், பகே. வந்து சேர்ந்தேன், யெகே. கடந்தேன், க்ருஸே. ஒலியில் எல்லாம் தொமே, தொமோ போலவே. சிக்கல் அவர்கள் எழுத்தில். நாம் 'சி' என்று அழைக்கும் ரோமன் எழுத்து 'ஈ' என்ற எழுத்துக்கு முன்னால் வந்தால் 'ஸ' என்று ஒலித்துவிடும். 'புஸ்கே' என்ற ஒலியைக் காப்பாற்ற அந்த ஓர் இடத்தில் அதை எடுத்துவிட்டு 'க்யூ', 'யூ' இரண்டையும் வைக்கிறார்கள். 'ஜி' எழுத்து அதே இடத்தில் 'ஹ' ஆகிவிடும், ஆகவே 'பகே', 'யெகே' எழுதும்போது நடுவில் ஓர் ஊமை 'யூ' நுழைகிறது. 'இஸட்' எழுத்து 'ஈ'க்கு முன் நிற்பதில்லை, அங்கே 'சி' வரும். எல்லாமே 'நான்' வடிவத்தில் மட்டும். பேச மட்டும் கற்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

'லெயேர்' (படிப்பது) 'லெயோ' ஆவதற்கும் தனி விதி என்பார்கள். இரண்டு உயிருக்கு நடுவில் இகரம் சிக்கிக்கொண்டு யகரமாக ஒலிக்கிறது, அவ்வளவுதான். உடம்படுமெய் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ் இழுக்கும் இரண்டு இடங்கள்

"எழுந்து, குளித்து, காபி குடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினேன்." இதில் முழு வினை ஒன்றே ஒன்று, கடைசியில் இருக்கிறது. மற்றவை எச்சங்கள். காலமும் ஆளும் கடைசி வினையில் இருந்தால் போதும் என்று நம் மொழி நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஸ்பானியத்தில் அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு வினையும் தன் விகுதியைத் தானே சுமக்க வேண்டும்: "மெ லெவன்தே, மெ பஞே, தொமே கஃபே இ ஸலீ அ லஸ் ஓசொ." எழுந்தேன், குளித்தேன், காபி குடித்தேன், எட்டு மணிக்குக் கிளம்பினேன் ('மெ' என்றால் 'என்னை'). கடைசி இரண்டுக்கு நடுவில் மட்டும் 'இ' வரும், 'உம்' போல. தமிழில் இப்படிப் பேசினால் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பது போல இருக்கும். அங்கே அதுதான் இயல்பான நடை. முதல் மூன்று வினைகளை அகராதி வடிவத்திலேயே விட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் 'ஸலீ' என்று சொல்லத் தோன்றும். அங்கே விழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இல்லை. நான் சாப்பிடவில்லை, நீ சாப்பிடவில்லை, அவர்கள் சாப்பிடவில்லை. எதிர்மறையில் தமிழ் வினை ஆளையே மறந்துவிடுகிறது. ஸ்பானியத்தில் முன்னால் ஒரு 'நோ' வைத்தால் போதும், விகுதி அப்படியே நிற்கும்: நோ கொமீ, நோ கொமீஸ்தெ, நோ கொமியேரொன். கேள்விக்கு அதுகூட வேண்டாம், குரலைக் கடைசியில் உயர்த்தினால் சரி.

எப்போது இது, எப்போது மற்றது

ஸ்பானியத்தில் இன்னோர் இறந்தகாலமும் உண்டு. கொமீய, தொமாப, விவீய என்று முடியும். அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டில் எதை எடுப்பது என்ற கேள்வி இப்போதே வந்துவிடும். இதற்கு ஆங்கில வழிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கம் தருகின்றன. நமக்கு அவ்வளவு வேண்டாம்.

பெரியவர்கள் பழங்கதை பேசுவதை உற்றுக் கேளுங்கள். "சின்ன வயசுல தினமும் ஆத்துக்குப் போவோம். அப்பா நாலு மணிக்கே எழுந்துடுவார். பாட்டி கதை சொல்லுவா." நடந்தது எப்போதோ, வினை நிற்பது எதிர்கால வடிவத்தில். வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்லத் தமிழ் இந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. "ஒருநாள் வெள்ளம் வந்தது" என்று கதை தொடங்கியதும் வினை இறந்தகாலத்துக்குத் தாவிவிடுகிறது. ஸ்பானியம் கோடு கிழிப்பதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான்.

ஆகவே சொல்ல வந்ததை முதலில் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'போவேன்', 'குடிப்பார்' என்று வந்தால், அல்லது 'போய்க்கொண்டிருந்தேன்' என்று வந்தால், மற்ற காலம். 'போனேன்', 'குடித்துவிட்டார்', 'ஆச்சு' என்று வந்தால் முடிந்த காலம். "யொவீய க்வாந்தொ யெகே." மழை பெய்துகொண்டிருந்தது, நான் வந்து சேர்ந்தேன். பெய்தது பின்னணி, சேர்ந்தது சம்பவம்.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் கைவிடும். இருந்தது, தெரிந்தது, பிடித்தது போன்ற நிலையைச் சொல்லும் வினைகளுக்குத் தமிழில் ஒரே வடிவம்தான். "வீடு பெரிதாக இருந்தது" என்பதற்குத் தமிழை நம்பி முடிந்த காலத்தை எடுக்கக் கூடாது. வர்ணனை என்றால் பெரும்பாலும் மற்ற காலமே. 'கொனொஸேர்' (ஒருவரை அறிந்திருப்பது) இதில் வேடிக்கையானது. 'கொனொஸீய' என்றால் ஏற்கெனவே பழக்கம் இருந்தது. 'கொனொஸீ' என்றால் அன்றைக்குத்தான் முதன்முதலாக அறிமுகமானேன்.

காலம் நீண்டது என்பதற்காகவும் மயங்க வேண்டாம். பத்து வருடமானாலும் தொடக்கமும் முடிவும் தெரிந்து மூடப்பட்ட கணக்கு என்றால் முடிந்த காலம்தான்: "விவீ தியேஸ் ஆஞொஸ் என் லீம." 'தோதொஸ் லொஸ் தீயஸ்' (தினமும்) என்ற சொல்லைப் பார்த்ததும் மற்ற காலத்துக்கு ஓடுவதும் தவறு. போன வாரம் தினமும் வேலை பார்த்தேன் என்றால், வாரம் முடிந்துவிட்டது: "ல ஸெமான பஸாத த்ரபஹே தோதொஸ் லொஸ் தீயஸ்."

இந்தக் காலத்தோடு அடிக்கடி கைகோத்து வரும் சொற்கள்: அயேர் (நேற்று), அனோசெ (நேற்றிரவு), எல் லூனெஸ் (திங்கட்கிழமை), எல் ஆஞொ பஸாதொ (போன வருடம்), ஆஸெ தோஸ் ஆஞொஸ் (இரண்டு வருடத்துக்கு முன்).

மாட்ரிட்டும் மெக்ஸிகோவும்

இன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பேசும்போது மாட்ரிட்காரர் "ஓய் எ கொமீதொ" என்று இரண்டு சொல் வினையாகச் சொல்வார். மெக்ஸிகோக்காரர் "ஓய் கொமீ" என்று முடித்துவிடுவார். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகள் பக்கம் மெக்ஸிகோ வழக்கம்தான். தேர்வுக்காகப் படிப்பவர்கள் எந்த நாட்டுத் தேர்வு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேசுவதற்காகக் கற்பவர்களுக்கு என் யோசனை: முதல் ஆறு மாதம் எல்லாவற்றுக்கும் 'கொமீ' வடிவத்தையே பயன்படுத்துங்கள். மாட்ரிட்டில் கேட்பவர் உங்களை லத்தீன் அமெரிக்கப் பக்கம் படித்தவர் என்று நினைத்துக்கொள்வார், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இல்லாத வினைகளுக்கு மாற்று

ஒரு கசப்பான உண்மை. போனேன், வந்தேன், சொன்னேன், செய்தேன், கொடுத்தேன், பார்த்தேன், இருந்தேன். நாம் அதிகம் புழங்கும் இந்த ஏழும் ஸ்பானியத்தில் ஒழுங்கற்றவை. இவற்றில் பெரும்பாலானவை மேலே சொன்ன வரிசைகளில் அடங்காது. அவற்றைக் கற்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். ஒழுங்கான வினை ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அதை எடுத்து ஒப்பேற்றுங்கள்.

'போனேன்' வேண்டும் இடத்தில் 'வியஹே' (பயணம் செய்தேன்), 'கமினே' (நடந்தேன்), 'ஸலீ' (கிளம்பினேன்). 'வந்தார்' என்பதற்கு 'யெகோ' (வந்து சேர்ந்தார்), 'வொல்வியோ' (திரும்பினார்). 'சொன்னார்' என்பதை 'கொன்தெஸ்தோ' (பதில் சொன்னார்), 'எக்ஸ்ப்லிக்கோ' (விளக்கினார்), 'கொமென்தோ' (பேச்சுவாக்கில் சொன்னார்) என்று பிரித்துக்கொண்டால் பேச்சு இன்னும் துல்லியமாகவே இருக்கும். 'செய்தேன்' பெரும்பாலும் 'ப்ரெப்பரே' (தயார் செய்தேன்), 'கொஸினே' (சமைத்தேன்), 'தெர்மினே' (முடித்தேன்) ஆகிவிடும். 'கொடுத்தார்' என்பதற்கு 'ரெகலோ' (பரிசளித்தார்), 'என்த்ரெகோ' (ஒப்படைத்தார்). அருங்காட்சியகத்தைப் பார்த்தேன் என்றால் 'விஸித்தே எல் முஸேயொ'. இரண்டு வாரம் மெக்ஸிகோவில் இருந்தேன் என்பதற்கு 'பஸே தோஸ் ஸெமானஸ் என் மேஹிக்கொ', கழித்தேன்.

ஒரு வாழ்க்கை, ஏழு வரிகள்

இந்தக் காலத்தைப் பழக வாழ்க்கைக் குறிப்புகளை விட நல்ல பயிற்சி இல்லை. மெக்ஸிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ் நம் நாட்டில் தூதராக இருந்தவர். மதுரை, உதகமண்டலம், குமரி முனை என்று தலைப்பிட்ட கவிதைகள் அவருடைய 'கிழக்குச் சரிவு' தொகுப்பில் இருக்கின்றன.

ஒக்தாவியொ பாஸ் நஸியோ என் மேஹிக்கொ என் 1914.
யெகோ அ தேலி கொமொ எம்பஹதோர் என் 1962.
விவியோ ஸேய்ஸ் ஆஞொஸ் என் ல ஈந்திய.
ரெனுன்ஸியோ என் 1968.
புப்லிக்கோ 'லதேர ஏஸ்தெ' என் 1969.
ரெஸிபியோ எல் நொபேல் என் 1990.
முரியோ என் 1998.

பிறந்தார், தூதராக வந்து சேர்ந்தார், ஆறு வருடம் வாழ்ந்தார், ராஜினாமா செய்தார், வெளியிட்டார், பெற்றார், இறந்தார். 1968 அக்டோபர் 2 அன்று மெக்ஸிகோ நகரின் த்லதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். 'ரெனுன்ஸியோ' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அது முழுவதும் இருக்கிறது. ஏழில் ஆறு வினைகள் சுத்தமான ஒழுங்கு வினைகள். 'மொரீர்' மட்டும் 'முரியோ' என்று வேர் திரிகிறது; பிறந்ததிலிருந்து ஒழுங்காக நடந்த வினைகள் சாகும்போது ஒழுங்கு தப்புகின்றன.

பயிற்சி

அ. கீழே உள்ள நாட்குறிப்பை உரக்கப் படியுங்கள். பிறகு அதே நாளை ஒரு பெண்ணின் நாளாக, 'அவள்' என்று மாற்றிச் சொல்லுங்கள். 'மெ' என்பது 'ஸெ' ஆகும்.

அயேர் மெ லெவன்தே அ லஸ் ஸேய்ஸ். தொமே கஃபே. ஸலீ தெ காஸ அ லஸ் ஓசொ. த்ரபஹே அஸ்த லஸ் ஸீன்கொ. வொல்வீ அ காஸ. கொஸினே, ஸெனே இ மிரே ல தெலெவிஸியோன். மெ அக்கொஸ்தே அ லஸ் தியேஸ்.

ஆ. ஸ்பானியத்தில் சொல்லுங்கள்.

1. நேற்று நாங்கள் சாப்பிடவில்லை.
2. எழுந்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பினாள்.
3. அவர்கள் பத்து வருடம் லிமாவில் வாழ்ந்தார்கள்.
4. மழை பெய்துகொண்டிருந்தது, நான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.
5. சின்ன வயதில் அவன் தினமும் பால் குடிப்பான்.
6. (உணவகத்தில், மூத்தவரிடம்) பணம் கொடுத்துவிட்டீர்களா?

விடைகள்

அ. அயேர் ஸெ லெவன்தோ அ லஸ் ஸேய்ஸ். தொமோ கஃபே. ஸலியோ தெ காஸ அ லஸ் ஓசொ. த்ரபஹோ அஸ்த லஸ் ஸீன்கொ. வொல்வியோ அ காஸ. கொஸினோ, ஸெனோ இ மிரோ ல தெலெவிஸியோன். ஸெ அக்கொஸ்தோ அ லஸ் தியேஸ்.

ஆ. 1. அயேர் நோ கொமீமொஸ். 2. ஸெ லெவன்தோ, தொமோ கஃபே இ ஸலியோ. 3. விவியேரொன் தியேஸ் ஆஞொஸ் என் லீம. 4. யொவீய க்வாந்தொ ஸலீ தெ காஸ. 5. தெ நீஞொ, தொமாப லேசெ தோதொஸ் லொஸ் தீயஸ். 6. யா பகோ?